கேட்டேன் என்று எழுத ஆளில்லை



சில மாதங்களுக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. மின்வெட்டு என்று நினைக்காதீர்கள். பேத்தியின் உத்தரவு. ஃபிரிட்ஜையும் அணைத்து வைத்தாள். சுவர்க் கடிகாரத்தின் பாட்டரியைக் கழற்றினாள். குக்கர் விசில் கேட்கக் கூடாது என்று என் மனைவிக்கு ஒரு தடை. ஜன்னலுக்குக் கம்பளி, கதவிடுக்குக்கு என் பழைய வேட்டி. உள்ளே உட்கார்ந்து போனில் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தாள். வியர்த்துக் கொட்டியது. வெளியே வந்து, "தாத்தா, பக்கத்து வீட்டு நாய் குரைச்சிடுச்சு, மறுபடியும் முதல்லேர்ந்து" என்பாள்.

அவள் வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இதழியல் படிக்கிறாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளை இன்னும் படித்து முடிக்கவில்லை. அங்கே இந்தப் பருவத்துக்கு ஒரு தாள்: ஒவ்வொரு மாணவரும் 15 நிமிட வானொலி நிகழ்ச்சி ஒன்றைத் தானே தயாரிக்க வேண்டும். அதற்கு மதிப்பெண். ஊரில் இருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார்களாம். இவள் எடுத்துக்கொண்டது நம் புதுச்சேரிக் கடற்கரை மணல்.

என் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் சிறுவர்களாக இருந்தபோது மணல் இருந்தது. 1980-களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டி அணை நீட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மட்டும் கொஞ்சம் திரும்பி வரும். அந்தப் போக்குவரத்துக்குக் குறுக்கே கல் நின்றதும், மணல் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை, இருந்ததைக் கடல் எடுத்துக்கொண்டது. வீடுகளைக் காப்பாற்றக் கரை நெடுகப் பெரிய பெரிய கல்லாகக் கொட்டினார்கள். சில வருஷங்களுக்கு முன் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு திட்டு அமைத்ததில் அந்த இடத்தில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. வடக்கே குப்பங்களில் கல்தான்.

இந்தக் கதையைச் சொல்லப் பேத்தி பிடித்த ஆள், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா. ஊருக்கு வடக்கே உள்ள குப்பம் ஒன்றிலிருந்து வருகிறவர். முப்பது வருஷமாக எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்குகிறார். வயது அறுபத்தைந்து இருக்கும். முதலில், "எனக்கு என்ன பாப்பா தெரியும், படிச்சவங்களக் கேளு" என்று நழுவினார். அப்புறம் பேச ஆரம்பித்தவர் ஒரு மணி பத்து நிமிஷம் பேசினார். கரைவலை இழுத்தது, மணலில் கருவாடு காயவைத்தது, நிலா வெளிச்சத்தில் பிள்ளைகள் விளையாடியது, இப்போது படகை ஏற்றி வைக்க இடம் இல்லாமல் வேறு கரைக்குப் போவது. முடித்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "எப்ப ரேடியோல வரும்?"

"வரும் பாட்டி, சொல்றேன்" என்றாள் இவள்.

அந்த "வரும்" என்ற சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நிகழ்ச்சி தயாரான விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் விளையாட்டு வேலை என்று நானும் நினைத்திருந்தேன். ரேடியோ என்றால் நமக்கு இலங்கை வானொலி, மயில்வாகனனின் குரல், டில்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசாமி. அவர்கள் பேசினார்கள், நாம் கேட்டோம். பின்னால் என்ன பாடு பட்டார்கள் என்று யோசித்ததில்லை. பி.பி.சி.க்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்த சோ. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக் கலை' என்று ஒரு புத்தகமே எழுதினார். அதைக் கலை என்று அவர் சொன்னதன் அர்த்தம் எழுபது வயதுக்கு மேல்தான் எனக்கு விளங்கிற்று.

பேத்தி எழுதிய உரையைத் திருத்தித் தருவதாக நானே வலியப் போய்ச் சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் குமாஸ்தாவாக நோட் போட்டவனாயிற்றே. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திருத்தினேன். அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். "மேற்கூறிய காரணங்களால்" என்ற இடத்தில் நிறுத்தி, "தாத்தா, ரேடியோல மேல எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் இல்லை. காகிதத்தில் மேலே என்று ஒன்று உண்டு. கண் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும். காதுக்குத் திரும்பிப் போகத் தெரியாது. ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம்தான் வைக்கலாம். எழுவாயை முதலில் சொல்லி, பயனிலையைப் பதினெட்டாவது சொல்லில் வைத்தால் கேட்கிறவர் இடையில் எழுந்து போய்விடுவார். புள்ளிவிவரம் இரண்டுக்கு மேல் தாங்காது. நான் திருத்திய பக்கங்களில் பாதியை அவள் அடித்துவிட்டாள். நியாயம்தான்.

இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே 'திக்தே' என்று ஒரு பயிற்சி உண்டு, சொல்வதெழுதல். ஆசிரியர் முதலில் முழுவதையும் ஒருமுறை வாசிப்பார். பேனாவைத் தொடக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். இரண்டாம் முறை துண்டு துண்டாகச் சொல்வார், எழுத வேண்டும். மூன்றாம் முறை மறுபடி முழுவதும். ஐந்து பிழை என்றால் சைபர். எங்கள் முசியே அடிக்க மாட்டார். எங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு, "நீ எழுதவில்லை என்பதல்ல, நீ கேட்கவில்லை" என்பார். கேட்பது ஒரு வேலை, அதற்கும் மார்க் உண்டு என்று எனக்கு அந்த வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிறகு ஆபீசில் சேர்ந்து மறந்துபோனேன்.

உரைக்குப் பிறகு ஒலி. நான் காலை நடைக்குப் போகும் நேரத்தில் பேத்தியும் வந்தாள். விடிவதற்கு முன் கடலோரத்தில் போனை நீட்டிப் பிடித்து அலைச் சத்தத்தைப் பதிவு செய்தாள். காற்று மைக்கில் மோதி 'புஸ் புஸ்' என்றது. மறுநாள் என் காலுறை ஒன்றைப் போனுக்கு மாட்டிக்கொண்டு வந்தாள், சரியாகிவிட்டது. மணல் உள்ள இடத்தில் ஒரு பதிவு, கல் உள்ள இடத்தில் ஒரு பதிவு. வீட்டுக்கு வந்து இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காண்பித்தாள். மணலில் அலை வந்து, பரவி, இழுத்துக்கொண்டு போகும் சத்தம் நீளமாக இருக்கிறது. கல்லில் அறைந்தாற்போல ஒரு சத்தம், அத்தோடு சரி. எழுபது வருஷமாக இந்தக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், இதை நான் கவனித்ததில்லை. ஒரு பக்கம் எழுதினாலும் வராத விஷயத்தை இருபது விநாடியில் சொல்லிவிட்டாள்.

பிறகு வெட்டுவது. ஒரு மணி பத்து நிமிஷப் பேச்சிலிருந்து ஆறு நிமிஷம் எடுக்க வேண்டும். 'ஆடாசிட்டி' என்று ஒரு இலவச மென்பொருள். அதில் குரல் மலைத்தொடர் மாதிரி தெரிகிறது. இருமலை வெட்டலாம், 'வந்து, வந்து' என்பதை வெட்டலாம். ஆனால் அந்த அம்மா பேச்சை நிறுத்திப் பெருமூச்சு விட்ட இடத்தை வெட்டவில்லை. "அதுவும் பேச்சுதான் தாத்தா" என்றாள். ஒவ்வொரு முறை வெட்டி ஒட்டியதும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வாள். பன்னிரண்டு முறையாவது முழுவதும் கேட்டிருப்பேன்.

இப்படி மூன்று வாரம். கடைசியில் சரியாகப் பதினான்கு நிமிஷம் ஐம்பது விநாடியில் ஒரு நிகழ்ச்சி. என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல நிகழ்ச்சி.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன்.

சமர்ப்பிக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். நிகழ்ச்சி முன்வரைவு, துறைத் தலைவர் ஒப்புதல், வாராந்திர முன்னேற்ற அறிக்கை, கள நாட்குறிப்பு, பேட்டி கொடுத்தவரின் சம்மதப் படிவம், இரண்டு பத்தியாகப் பிரித்த உரை, ஒலிப்பட்டியல், சுயமதிப்பீடு, சான்றிதழ், நன்றியுரை. எல்லாம் தட்டச்சு செய்து, பைண்டு போட்டு, மூன்று பிரதி. கடைசி அட்டையின் உள்பக்கம் ஒரு சின்ன உறை ஒட்டி, அதில் நிகழ்ச்சி அடங்கிய சிடி.

சிடி வாங்க நான்தான் கடை கடையாக அலைந்தேன். மூன்றாவது கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தூசி தட்டிக் கொண்டுவந்தார். பேத்தியின் கம்ப்யூட்டரில் சிடி போட வாய் இல்லை. துறையில் இருக்கும் கம்ப்யூட்டர்களிலும் இல்லை என்றாள். "அப்புறம் அவங்க எப்படிம்மா கேப்பாங்க?" என்றேன். "தெரியல தாத்தா, லிஸ்டுல இருக்கு" என்றாள்.

வாய்மொழித் தேர்வு நாளன்று வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம். இவளிடம் கேட்டவை: சம்மதப் படிவத்தில் கைநாட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து ஏன் இல்லை? ஓரத்தில் விடவேண்டிய இடம் ஏன் குறைவு? இந்தத் தலைப்பை ஏன் எடுத்தாய்? பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "நன்றாகச் செய்திருக்கிறாய்" என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். சிடி உறையிலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. வகுப்பில் இருபத்தெட்டுப் பேர், இருபத்தெட்டு உறைகள். எதையும் திறக்கவில்லை. வளாகத்தில் வானொலி நிலையம் ஒன்றும் இருக்கிறது, மாணவர் வேலைகள் அங்கே போவதில்லை.

மார்க் கிடைத்தது. வகுப்பில் இரண்டாவது. ஆகவே மார்க் குறைந்த கோபத்தில் எழுதுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல மார்க் வந்ததுதான் என்னைச் சுடுகிறது. எதற்கு வந்தது அந்த மார்க்? அலைக்கா, அந்த அம்மாவின் குரலுக்கா, மூன்று வார வியர்வைக்கா? ஓரத்தில் விட்ட இடத்துக்கு வந்தது.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். காகிதத்தைப் பார்த்து மனிதரை எடைபோடும் தொழிலை முப்பத்தைந்து வருஷம் செய்தவன் நான். நான் வேலைக்குச் சேர்ந்த 1970-களில் எங்கள் ஆபீசில் பிரெஞ்சுக் காலத்துப் பெரியவர்கள் சிலர் மிச்சம் இருந்தார்கள். கோப்பு வந்தால் மூலையில் 'வ்யூ' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். 'பார்த்தாயிற்று' என்று அர்த்தம். அது ஒரு அழகான சொல். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அது பொறுப்பேற்காது. கண்ணில் பட்டது, அவ்வளவுதான். நானும் பின்னால் அதே வேலையை ஆங்கிலத்தில் 'சீன்' என்று செய்தேன். குறை சொல்ல வந்த கிழவி வாசலில் நிற்பாள், நான் அவள் மனுவைப் பார்த்து 'சீன்' போடுவேன். இரண்டு நிமிஷம் அவளைப் பேசவிட்டிருந்தால் மனுவில் எழுதித்தருகிறவன் தப்பாக எழுதியிருக்கிறான் என்று தெரிந்திருக்கும். சில தடவை பிற்பாடு தெரிந்தது. அதனால் இந்த நோய் எனக்கு நன்றாகத் தெரியும். ஆபீசில் இருந்தால் சகித்துக்கொள்ளலாம். காதுக்காகச் செய்யும் கலையைச் சொல்லிக்கொடுக்கும் இடத்திலும் அது வந்துவிட்டதே என்பதுதான் என் புகார்.

பிரெஞ்சில் 'அந்தாந்த்யூ' என்று இன்னொரு சொல் உண்டு. 'கேட்டேன்' என்று அர்த்தம். 'சரி, ஒப்புக்கொண்டேன்' என்பதற்கும் அதே சொல்தான். கேட்டவர்தான் ஒப்புக்கொள்ள முடியும் என்று அந்த மொழி நினைக்கிறது போலும். இருபத்தெட்டுப் புத்தகங்களிலும் 'பார்த்தேன்' இருக்கிறது. 'கேட்டேன்' என்று எழுத ஆளில்லை.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் எனக்குத் தெரியும். துறை ஆசிரியர் ஒருவரிடம் போனில் மரியாதையாகவே கேட்டேன். அவரும் மரியாதையாகவே சொன்னார்.

முதலாவது, நேரம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபத்தெட்டுப் பேர், ஆளுக்கு 15 நிமிஷம். 420 நிமிஷம், அதாவது 7 மணி நேரம். ஒரே ஒரு வேலை நாள். எழுத்துத் தேர்வுத் தாள்களைத் திருத்த நாள்கணக்கில் உட்காருகிறார்கள். பக்கத்தைத் திறக்காமல் மார்க் போட்டால் ஊரே சிரிக்கும். ஒலிக்கு மட்டும் திறக்காமல் போடலாமா? சமையல் போட்டிக்கு நடுவராகப் போனவர், வாயில் வைக்காமல் செய்முறைக் குறிப்பைப் படித்துப் பரிசு கொடுப்பாரா?

இரண்டாவது, ஆவணம் இல்லாவிட்டால் பிள்ளைகள் ஏமாற்றுவார்கள். இதை நான் முழுக்கத் தள்ளவில்லை. சம்மதப் படிவம் அவசியம். ஒருவர் குரலை எடுக்கும்போது அவர் அனுமதி எழுத்தில் இருப்பது நல்லது. ஆனால் முன்னேற்ற அறிக்கையும் சுயமதிப்பீடும் யாரைத் தடுத்தன? இன்று கம்ப்யூட்டரிடம் கேட்டால் நாற்பது பக்க அறிக்கையை நாலு நிமிஷத்தில் எழுதித் தந்துவிடும் என்கிறார்கள். ஏமாற்ற மிகச் சுலபமான பகுதி எதுவோ அதற்குத்தான் மார்க். குரலையும் போலியாகச் செய்யலாம் என்பீர்கள். செய்யலாம்தான். ஆனால் கேட்டால்தானே அதைக் கண்டுபிடிக்க முடியும்?

மூன்றாவது, "சார், இப்ப ரேடியோ யார் கேக்கிறாங்க?" இதுதான் என்னைக் கோபப்படுத்தியது. சொல்லிக்கொடுக்கிறவரே இப்படிச் சொல்லலாமா? 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை-27 என்ற நெல்லை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள். வானொலியில் கேட்டு விதைத்த நெல். ஒரு பயிருக்கே பெயர் வைக்கும் அளவுக்கு மக்கள் கேட்டார்கள். அது பழங்கதை என்றால், அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-ல். கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு கொள்கை வகுத்தது 2002-ல். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி 2004-ல் நம் சென்னையில், அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. அந்தக் கொள்கையிலேயே, நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு தயாராக வேண்டும் என்று இருக்கிறது. அதாவது இப்படிப்பட்ட நிகழ்ச்சி வேண்டும் என்று சட்டமே கேட்கிறது. பிள்ளைகள் செய்தும் தருகிறார்கள். நாம் அதை உறையில் போட்டு அலமாரியில் பூட்டுகிறோம். பூட்டிவைத்துவிட்டு, யார் கேட்கிறார்கள் என்று கேட்பது என்ன நியாயம்?

இதுவரை சொன்னது பல்கலைக்கழகத்தின் பாடு. இனி மீன்கார அம்மாவின் பாடு.

தினமும் கூடையை இறக்கும்போது கேட்பார். "ஐயா, ரேடியோல வந்துச்சா? எங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்." முதல் வாரம், "இன்னும் இல்லைம்மா" என்றேன். இரண்டாம் வாரம், "பரீட்சை முடியட்டும்மா" என்றேன். பிறகு அவர் குரல் தெருமுனையில் கேட்டாலே நான் உள்ளே போய்விடத் தொடங்கினேன். மனைவிதான் மீன் வாங்குவாள். இருநூறு ரூபாய் கடன் வாங்கியவன் மாதிரி ஒளிந்தேன். யோசித்தால், கடன்தான். அந்த அம்மாவிடம் ஒரு மணி பத்து நிமிஷம் வாங்கியிருக்கிறோம். அன்று அவர் கூடையில் மீன் மிஞ்சிப்போனது. அதற்கு ஈடாக நாம் கொடுத்தது 'வரும்' என்ற ஒரு சொல். மாணவிக்கு மார்க் வந்தது, தேர்வாளருக்குப் படிக்காசு வந்தது, பைண்டு போட்டவருக்குக் கூலி வந்தது. குரல் கொடுத்தவருக்கு ஒன்றும் வரவில்லை.

போன வாரம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அந்த அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்தோம். போனிலேயே நிகழ்ச்சியைப் போட்டோம். மடியில் கையை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, அசையாமல் கேட்டார். தன் குரல் வந்ததும் வாயைப் பொத்திச் சிரித்தார். பெருமூச்சு விட்ட இடத்தில் மறுபடியும் பெருமூச்சு விட்டார். முடிந்தது.

"நல்லாருக்கு பாப்பா," என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒண்ணு மட்டும் நான் அப்படிச் சொல்லல" என்றார்.

என்ன என்று கேட்டோம்.

"கல்லு கொட்டினதால மணல் போச்சுன்னு சொன்னேன், நெசந்தான். அது அங்க, தெக்க, தொறமொகத்துல கொட்டின கல்லு. நீ அதுக்கப்புறம் எங்க வூட்டாண்ட கொட்டின கல்லைச் சொல்றியே. இந்தக் கல்லு மணல் போன பெறவு வந்துச்சு. இது இல்லன்னா எங்க வூடே போயிருக்கும். இந்தக் கல்லுனால மணல் போச்சுன்னு நான் சொன்னா எங்க ஆளுங்க என்னைத் திட்டுவாங்க."

பேத்தி மூலப் பதிவைத் திறந்து பார்த்தாள். அவர் சொன்னது சரி. இரண்டு இடத்தில் 'கல்லு' என்று சொல்லியிருக்கிறார், இரண்டும் வேறு வேறு கல். நடுவில் இருந்த நாலு வாக்கியத்தை வெட்டியதில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. காரணத்தையும் விளைவையும் கலந்து, வீட்டைக் காப்பாற்றிய கல்லைக் குற்றவாளியாக்கி, அதையும் அந்த அம்மாவின் வாயாலேயே சொல்லவைத்துவிட்டோம். அது ஒலிபரப்பாகியிருந்தால் குப்பத்தில் அவர் தலைகாட்ட முடியாமல் போயிருக்கும்.

துறைமுகக் கதை தெரிந்த நான் பன்னிரண்டு முறை கேட்டேன், பிடிபடவில்லை. உச்சரிப்பை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். கேட்காத தேர்வாளருக்குத் தெரிய வழியே இல்லை. அந்த அம்மா ஒரே முறை கேட்டார், பிழையின் மேல் விரலை வைத்துவிட்டார். சொல்லுங்கள், உண்மையான தேர்வாளர் யார்?

ஆகவே பல்கலைக்கழகங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, அவர்களில் யாராவது ஒருவரின் அப்பாவோ மாமாவோ இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில், மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறேன்.

வானொலி நிகழ்ச்சிக்கு மார்க் போடுகிறவர், புத்தகத்தைத் திறப்பதற்கு முன் நிகழ்ச்சியை முழுதாகக் கேட்கட்டும். உரை கையில் இல்லாமல், முதல் தடவை கேட்கும் நேயர் மாதிரி. கேட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

யாருடைய குரலைப் பதிவு செய்தார்களோ, அவருக்கு நிகழ்ச்சியைப் போட்டுக் காண்பித்து, அவர் சொன்ன திருத்தம் என்ன, அதை எப்படிச் சரிசெய்தாய் என்று மாணவரைக் கேட்கட்டும். சம்மதப் படிவத்தில் பேசுவதற்கு முன் கைநாட்டு வாங்குகிறீர்களே, பேசிய பிறகும் ஒன்று வாங்குங்கள். இதற்கு மார்க் வையுங்கள்.

தேறிய நிகழ்ச்சிகளை ஒலிபரப்புங்கள். சொந்த நிலையம் இருந்தால் அதில், இல்லையென்றால் பக்கத்துச் சமுதாய வானொலிக்குக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். இந்த மூன்றுக்கும் நேரம் வேண்டும் என்றால், வாராந்திர முன்னேற்ற அறிக்கையை நிறுத்துங்கள். ஒரு பழைய குமாஸ்தா சொல்கிறேன், அதை யாரும் படிப்பதில்லை.

அன்று ராத்திரியே மறுபடியும் மின்விசிறியை அணைத்தாள் பேத்தி. வெட்டிய நாலு வாக்கியங்களில் இரண்டைத் திரும்ப வைத்தாள். துறைமுகக் கல்லும் கரைக் கல்லும் பிரிந்தன. முப்பது விநாடி அதிகமாயிற்று. தன் முடிவுரையிலிருந்து முப்பது விநாடியை வெட்டிக்கொண்டாள். மார்க் வந்து மாதங்கள் ஆகிவிட்டன, இதற்கு ஒன்றும் கூடாது.

"இந்தத் திருத்தினதை யார்கிட்ட கொடுக்கணும் தாத்தா?" என்று கேட்டாள்.

கோப்பு முடிந்த பிறகு வரும் காகிதத்தை எங்கே சேர்ப்பது என்பது எனக்கும் எப்போதும் பிரச்சினையாகவே இருந்திருக்கிறது. காலையில் மீன்கார அம்மாவிடம் கேட்டோம். தன் மகனின் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்தார். அனுப்பினாள். மறுநாள் அந்த அம்மா கூடையை இறக்கும்போதே சொன்னார், சாயங்காலம் அவர்கள் தெருவில் பெண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்து இரண்டு தடவை போட்டுக் கேட்டார்களாம்.

அன்று நான் உள்ளே போய் ஒளியவில்லை. நானே வெளியே வந்து சங்கரா மீன் வாங்கினேன்.